ஈயக்குண்டு கிடைத்த இடம்

விரலால் துழாவியே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கடமானின் நெஞ்சாங்குலைக்குள் ஈயம்.

அது அவள் புருஷன் சடையனின் குண்டு. ஈயத்தை உருக்கி வார்ப்பவன் அவன்தான். அவன் தம்பி தீர்த்தனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சைக்கிள் சக்கரத்து இரும்புக் குண்டான பால்ரஸைத் திணித்துச் சுடுவான்.

பால்ரஸ் இரைப்பையைக் கிழித்திருந்தது. அரைபட்ட புல் கறியில் பரவி நாறியது.

அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் சுட்டார்களாம். மான் ஓடைவரை ஓடி விழுந்ததாம்.

யார் குண்டு எங்கே பட்டது என்பதை மானைத் திறக்கும் பெண் காட்ட வேண்டும். சுட்டவர்களில் மூத்தவனின் பெண்டாட்டி திறக்க வேண்டும். அவள் காட்டியதற்கு அந்த மலையில் மறுபேச்சு கிடையாது.

மற்ற நாட்களில் அவள் பேச்சை வீட்டு நாய்கூடக் கேட்காது.

வயிற்றில் சுட்டுக் கறியைக் கெடுத்தவன் தை பிறக்கும்வரை துப்பாக்கியைத் தொடக்கூடாது. சரியாகச் சுட்டவன் வீட்டில் அது இருக்கும்.

தை பிறக்கும்வரை.

ஆண்கள் பாறைக்கு அந்தப் பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். சடையனின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. முன்னங்காலை எடுத்து வைக்கட்டும் என்று காத்திருந்தானாம். அப்போதுதான் தோள் எலும்பு விலகுமாம். அதற்குப் பின்னால் அடித்தால் நேராக நெஞ்சாங்குலைதானாம்.

அவளுக்குத் தெரியும். அவனே காட்டியிருக்கிறான்.

குடித்த நாளில் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்குவான். கையைத் தூக்கச் சொல்லி, அவள் அக்குளுக்குக் கீழே குழல் வாயை வைப்பான்.

இது நெஞ்சாங்குலை.

கொஞ்சம் பின்னால் நகர்த்துவான். இது நுரையீரல், இதில் பட்டால் ரத்தம் நுரை நுரையாக வரும்.

இன்னும் கீழே இறக்குவான். இது குடல், இதில் பட்டால் சீக்கிரம் சாகாது, அலைந்து அலைந்துதான் சாகும்.

உனக்கு எது வேண்டும் என்று கேட்டுச் சிரிப்பான்.

அவளும் சிரிக்க வேண்டும். துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டித்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அவன் சொன்னதே இல்லை.

பாவி. ஊரில் இவனுக்கு நல்ல வேட்டைக்காரன் என்று பெயர் வேறு.

அவள் பாறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஈயத்தைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தாள். இரைப்பைக்குள், அந்த நாற்றத்துக்குள், ஆழமாக அழுத்தினாள். பால்ரஸை வழித்தெடுத்து நெஞ்சாங்குலையின் ஓட்டையில் திணித்தாள்.

கத்தியைப் புல்லில் துடைத்தாள்.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டாள்.

ஊர் மூப்பர் வந்து குனிந்தார். அவள் நெஞ்சாங்குலையைப் பிளந்து காட்டினாள். இரைப்பையைக் கீறிக் காட்டினாள். வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

தீர்த்தனாலேயே அதை நம்ப முடியவில்லை. நம்பாமலேயே மீசையைத் தடவிக்கொண்டான்.

சடையன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மூப்பர் கையை நீட்டினார். சடையன் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

அது தீர்த்தனிடம் போனது. அவன் தோளில் இப்போது இரண்டு.

வீட்டுக்குப் போனதும் சடையன் அவளை அடிப்பான். அடிக்கட்டும். வெறும் கைதானே.

ரத்தம் கழுவ ஓடைக்கு இறங்கினாள். தீர்த்தன் பெண்டாட்டி வெள்ளச்சி சொம்போடு பின்னாலேயே வந்தாள். இருவரும் ஒரே குடும்பத்துக்கு வாழ வந்து தனித்தனி வீட்டில் இருப்பவர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசிக் கேட்டதில்லை. அமைதியான பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். இவளும் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளச்சி தண்ணீர் மொண்டு ஊற்றினாள். இவள் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

தண்ணீர் பாதியில் நின்றது.

இவள் நிமிர்ந்தாள். வெள்ளச்சியின் முகத்தில் ஒரு பொட்டு ரத்தமில்லை. மேட்டில் நின்ற தன் புருஷனின் தோளில் தொங்கிய இரண்டு துப்பாக்கிகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பில்லாத கை அக்குளுக்குக் கீழே போய் அழுத்தியது.

"எங்க வூட்டுல இருக்கிற ஒண்ணு போதாதாக்கா?"