சடையும் கவுனும்

“சடையை எடுத்துட்டு கிராப் வெச்சிடுங்கம்மா. கவுனுக்குப் பதிலா சட்டை, டவுசர். பையனாத் தெரியணும்” என்று சொல்லிப் பெரியவர் ஒரு பழைய படத்தை மேசைமேல் வைத்தார்.

ஸ்டுடியோ அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

படத்தில் ஐந்து வயதுக் குழந்தை. மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்து, படம் எடுத்தவரை இப்போதே கடித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. ரெட்டைச் சடை, ரிப்பன், விறைப்பான கவுன்.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அக்கா செய்யாத தில்லுமுல்லு கிடையாது. கோட்டே போட்டறியாதவருக்குக் கோட்டு மாட்டியிருக்கிறாள். என்றோ போய்ச் சேர்ந்த அப்பாவைக் கல்யாணப் பெண் பக்கத்தில் சிரித்த முகமாக நிற்கவைத்திருக்கிறாள். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைக் குடும்பப் படத்திலிருந்து தூக்கி, சமாதானம் ஆனதும் அதே இடத்தில் திரும்ப ஒட்டியும் கொடுத்திருக்கிறாள்.

ஆனால் இது என்ன அநியாயம்!

“யாரு சார் இது, உங்க பொண்ணா?”

“என் பிள்ளைம்மா.”

பிள்ளையாம்! பாசத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று அக்கா மனதுக்குள் கருவிக்கொண்டாள்.

படத்தை ஸ்கேன் செய்து திரையில் விரித்தாள். குழந்தையின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் சின்ன வயசு ஞாபகம் வந்தது. அவளே வீட்டுக்கு மூன்றாவது பெண். ‘இதாவது பையனாப் பொறந்திருக்கக் கூடாதா’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். அன்றைக்கே இந்த வசதி இருந்திருந்தால் தன் அப்பாவும் இப்படி ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார் என்று தோன்றியதும் பற்றிக்கொண்டு வந்தது.

“பெத்த பொண்ணு படத்துலகூட பொண்ணா இருக்கக் கூடாதா சார்? நீங்கல்லாம் மனுஷன்தானா?”

பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்த அம்மாள், பார்த்துக்கொண்டிருந்த போனை மடியில் இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாளை ஒருமுறை பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

“திட்டணும்னா நல்லா திட்டிக்குங்கம்மா. செஞ்சு மட்டும் குடுத்துடுங்க.”

அக்கா திட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அந்தப் பெண் இப்போது எங்கே, உயிரோடாவது விட்டுவைத்தீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டாள். பெரியவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். கையில் ஹெல்மெட், ஒழுங்காகக் கத்தரித்த மீசை.

“போலாமாப்பா?”

மகனா? வரட்டும். நியாயம் கேட்க ஓர் ஆள் கிடைத்தாயிற்று என்று அக்கா திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“தம்பி, நீங்களாவது கேளுங்க இந்த மனுஷனை. உங்க அக்காவோ தங்கச்சியோ, இந்தப் பொண்ணைப் பையனா மாத்தித் தரணுமாம்!”

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று.

அக்கா அவனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அதே நெற்றி, அதே கண், அதே தாடை.

அவள் கை திரையின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டது.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

திருநங்கை, திருநம்பி என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. போன மாதம்தான் ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கு அந்த வார்த்தைகளைப் பெரிய பெரிய எழுத்தில் போட்டுப் பேனர் அடித்துக் கொடுத்திருந்தாள். இன்றைக்கு, பெண்ணென்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் ஒரு திருநம்பி கடைக்குள் வந்து நிற்கும்போது, அவனைப் ‘பொண்ணு’ என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள். அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அந்த மனுஷன் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றார்!

பெரியவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தணித்துத்தான் பேசினார்.

“உன் கல்யாணத்தன்னைக்குத் திரையில பொண்ணோட சின்ன வயசுப் படமா ஓடும்டா. உனக்கு மட்டும் சின்ன வயசே இல்லாத மாதிரி ஆயிடுமேன்னுதான்...”

அவன் கதவைப் பார்த்தான். ஓடிப்போய்விடுவான் என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது.

“அப்போ, இந்தப் படத்துல இருக்கிறது?” என்று அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

அக்கா யோசிக்கவில்லை.

“இவரு பையன்தாம்மா. நான்தான் சடையைப் பாத்து ஏமாந்துட்டேன்.”

அந்த அம்மாள் முழித்தாள். பிறகு, இவளுக்கு வேறு வேலையில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்காவுக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு சடையை அழித்தாள். இன்னொன்றையும் அழித்தாள். வழுவழுவென்று ஒரு கிராப்பை வரைந்து, பக்கவாட்டில் வகிடெடுத்தாள்.

ஹெல்மெட்டை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலிக்குப் பின்னால் அவன் வந்து நின்றான்.

“முடியைக் கொஞ்சம் கலைச்சு விடுங்கக்கா” என்றான். “நான் சின்னப் பையனா இருந்தப்ப தலையே வார மாட்டேன்.”