இரண்டு தேத்தண்ணி

"சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?"

பொலிஸ் அதிகாரி மக்டலீன் மூன்றாவது தடவையாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளனான நான் அதைத் தமிழில் சொன்னேன்.

யோசப் அண்ணை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ அண்ணை. சொல்லாட்டி உங்களைத்தான் மறியலில போடுவினம்."

"செத்தவீடு எப்ப, தம்பி?"

"வியாழக்கிழமை."

"அது முடியட்டும். பிறகு சொல்லுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளையும் கொன்றுவிட்டுச் செத்தவீடு விசாரிக்கிறாராம்.

கொலையுண்டவர் நவரத்தினத்தார். இரண்டாயிரத்து மூன்றில் எசன் நகரில் எங்களுக்குத் தமிழ்க் கடை என்றால் அவருடைய கடைதான். ரெலிபோன் காட், வீடியோ கொப்பி, வெள்ளிக்கிழமைகளில் வந்திறங்கும் முருங்கைக்காய். சாமான் வாங்கப் போனால் கதையில் ஒரு மணித்தியாலம் போய்விடும். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு, கடையைப் பூட்டுகிற நேரத்தில் யாரோ அவரைக் கத்தியால் குத்திவிட்டார்கள்.

நாங்கள் எல்லாரும் ஒரே ஊர். ஊர் வாசிகசாலையைக் கிழக்குத் தெருவில் கட்டுவதா மேற்குத் தெருவில் கட்டுவதா என்று எசனில் இருந்துகொண்டு சண்டை பிடித்து, இரண்டு சங்கமாகப் பிரிந்தவர்கள். கிழக்குக்கு நவரத்தினத்தார் செயலாளர், மேற்குக்கு யோசப் அண்ணை. மற்றத் தெருவோடு ஒட்டுறவு வைப்பவன் வீட்டு நன்மை தின்மைக்கு, செத்தவீட்டுக்குக்கூட, ஒருவரும் போகக் கூடாது என்பது எங்கள் கிழக்குச் சங்கத்து விதி. எழுதியதே நவரத்தினத்தார்தான். போன மாதம் மண்டப வாசலில் இருவரும் கைகலப்பு வரைக்கும் போனார்கள். வேறு யார் குத்தியிருப்பார்கள்?

நான் கிழக்குத் தெரு. அதை மக்டலீன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாரணையில் கேட்டதை வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்து வேறு போட்டிருந்தேன். பின்னேரம் சங்கத்தில், "ஆள் வாய் திறக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை செத்தவீட்டில் இருந்து நேரே பொலிசுக்குப் போனேன்.

"கன சனமோ, தம்பி?"

"மண்டபம் கொள்ளேல்லை அண்ணை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இவவுக்குச் சொல்லு. சனிக்கிழமை நாலு மணிக்கு நான் ரெயினில ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கிற பான் ரவுண் ஸ்ரேசன் கோப்பிக் கடையில இருந்தனான். நவமும் நானும் பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள். எசனில கதைக்க ஏலாது எண்டு எட்டு வருசமாச் சனிக்கிழமையில அங்கை சந்திக்கிறனாங்கள். கடையைப் பூட்டிப்போட்டு அஞ்சரைக்கு வந்திடுவான். அண்டைக்கும் ரெண்டு தேத்தண்ணி சொல்லிப்போட்டு, ஏழு மணி மட்டும் வாசலைப் பாத்துக்கொண்டிருந்தன்."

மக்டலீன் உடனே பானுக்குத் தொலைபேசி எடுத்தார். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. அந்த இரண்டு சிநேகிதர்கள்தானே, போன சனிக்கிழமை ஒருவர் மட்டும்தான் நாலு மணியில் இருந்து தனியாக இருந்தார் என்றார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார் மக்டலீன்.

யோசப் அண்ணை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா, இந்தத் தம்பி அண்டைக்குப் பின்னேரமே சங்கத்தில சொல்லியிருப்பான். நவத்தின்ரை பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்திருக்க மாட்டினம்."

மக்டலீன் என் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை மொழிபெயர்க்கச் சொன்னார்.