ஈரத் தட்டை

டிரம் மூடியைச் சுற்றிப் பூசியிருந்த களிமண்ணைக் காவியா சுத்தியலால் தட்டி உதிர்த்தாள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் கேட்டு வாங்கிவந்த மண். சூட்டில் கல்லாக இறுகியிருந்தது.

மணிக்கட்டு வலித்தது. நேற்று பகல் முழுக்கப் புகையில் உட்கார்ந்த கண்கள் இன்னும் எரிந்தன.

காற்றுப் புகாமல் வெந்தால் நிலத்துக்குப் போடும் கரி. கொஞ்சம் புகுந்தாலும் வெறும் சாம்பல். முதல் இரண்டு டிரம்மும் சாம்பல்தான்.

இதுவும் சாம்பலானால் டிரம்மை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதாக, பயிர்க்கழிவைக் கரியாக்கும் திட்டத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவள் வேலையும் அதோடு சரி.

டிரம்மில் வேகவைக்க மக்காச்சோளத் தட்டை கொடுத்தவர் இந்த ஊர் விவசாயி மாயவன். அறுப்பு முடிந்த காடு என்றார். நேற்று அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வருவதற்குள் அவரே வெட்டிக் கட்டுக்கட்டாக டிரம்மை நிரப்பியிருந்தார். அத்தனையும் மழை ஈரம். சாயங்காலம்வரை வெள்ளைப் புகை ஓயவில்லை.

யாரிடமும் குரல் உயர்த்தாதவள், நேற்று கேட்டேவிட்டாள். "கொஞ்சம் காயவெச்சுக் கொண்டாரக் கூடாதாங்க?"

"வெயிலு என்னா எங்க வூட்டு வேலக்காரனா பாப்பா, கூப்ட்டதும் வர?" என்று சிரித்தார்.

இப்போது பக்கத்தில் நிற்கிறார். சிரிக்கவில்லை.

மூடி கழன்றது.

சாம்பல் இல்லை. மேலிருந்து கீழ்வரை கறுப்பு. ஒரு துண்டை எடுத்து ஒடித்தாள். கண்ணாடி உடைவதுபோலச் சத்தம் வந்தது.

வேலை தப்பியது.

ஆபீஸுக்குப் படம் அனுப்ப வேண்டும். நல்ல துண்டாகத் தேடிக் கையை ஆழமாக விட்டாள். தடிமனாக ஏதோ அகப்பட்டது.

வெளியே எடுத்தாள். மேல்தோல் தொட்டதும் பொடிந்து விழுந்தது.

கதிர்.

காற்றில்லாமல் வெந்தது எதுவும் உருவம் மாறாது. மணிகள் வரிசை கலையாமல் கறுத்திருந்தன. ஒவ்வொரு மணியிலிருந்தும் நூல்போல ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தது.

அறுவடைக்கு ஒடிக்கும் முன்பே, நின்ற செடியில், மழையில் முளைத்துப்போன கதிர்.

மறுபடி கையை விட்டாள். இன்னொன்று. அதற்கடியில் இன்னொன்று.

அவள் நிமிரவில்லை.

"அத உள்ள போட்டுட்டு தட்டையா பாத்து போட்டோ எடு பாப்பா," என்றார் மாயவன். "கழிவுன்னுதான எழுதப் போற."