விரால் சிக்கிய நேரம்

பங்குனி வெயிலில் வற்றிச் சுருங்கியிருந்த சின்னக் கண்மாயில், முழங்கால் ஆழத்தில் நின்று விராலுக்குத் தூண்டில் வீசிக்கொண்டிருந்தான் சேவுகன். கரையில் கைவலையோடு காத்திருந்த மனைவி பஞ்சவர்ணத்திடம் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "தர்ஷினிய அக்கா மகனுக்குப் பேசி முடிச்சிட்டேன். வைகாசியில கல்யாணம்."

மகள் அந்த நேரம் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா மகனுக்கு முப்பத்திரண்டு வயசு.

"யாரைக் கேட்டுப் பேசுனீங்க?"

"யாரைக் கேக்கணும்? நான் பெத்த பொண்ணு."

சொல்லி வாய் மூடுவதற்குள் தூண்டில் வளைந்து தண்ணீரைத் தொட்டது. பல வருஷமாக அவனுக்குப் போக்குக் காட்டிவந்த பெரிய விரால். "வலையக் கொண்டாடி, சீக்கிரம்!" என்று கத்தினான். அவள் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். பக்கத்தில் வந்ததும் வலையைத் தூர எறிந்துவிட்டு, அவன் சட்டைப் பையிலிருந்த செல்போனை உருவி எடுத்தாள்.

"யாருக்குடி போடுற? போனைக் குடு!"

"மீனை விட்டுட்டு வந்து பிடுங்குங்க."

அவன் பல்லைக் கடித்தான். விரால் ஒருமுறை துள்ளி விழுந்து கோரைக்குள் பாய்ந்தது. தூண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தானே தவிர, விடவில்லை.

மறுமுனையில் அவன் அக்காவின் குரல் சந்தோஷமாகக் கேட்டது: "சொல்லுடா தம்பி."

"தம்பி இல்ல மதினி." கோபத்தில் பஞ்சவர்ணத்தின் குரல் நடுங்கியது. ஆனால் அக்கரை வரைக்கும் கேட்டது. "பொண்ணோட அம்மா பேசுறேன்."