தண்ணீர் கேட்டு வந்தவர்

எங்கே ஒன்று கிடக்க ஒன்றைச் சொல்லி வேலைக்கே உலை வைத்துக்கொள்வோமோ என்ற பயத்தில், வெர்லா முதலாளியின் அறை வாசலிலேயே நின்றாள்.

"என்ன வெர்லா, இன்னிக்கும் அடுப்பை அணைக்காம வந்துட்டோமோன்னு சந்தேகமா?" என்று சிரித்தான் கிளின்ட்.

"மதியம் நகராட்சி வரி அதிகாரி ஹாஸ்கெல் வந்துட்டுப் போனார்."

சிரிப்பு நின்றது.

பல் ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேரை மாதச் சந்தாவுக்குக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. கொலராடோ மாநிலம் அதற்கு விற்பனை வரி கேட்பதில்லை. மாநிலமே கேட்காததை ஊரா கேட்கப்போகிறது என்று கிளின்ட் நான்கு வருடமாக இருந்துவிட்டான். இந்த ஊர் கேட்கும் என்பது போன வாரம்தான் தெரிந்தது. வரியைக் கூடச் சமாளிக்கலாம். அபராதமும் சேர்ந்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"என்ன கேட்டார்?"

"குடிக்கத் தண்ணி."

"தண்ணியா?"

"கொடுத்தேன். நாம என்ன தொழில் பண்றோம்னு சொல்ல வாயெடுத்தேன். 'இந்தாம்மா, என்கிட்ட எதுவும் சொல்லாதே'ன்னு கையை நீட்டித் தடுத்துட்டார். உங்க கார்டைக் கொடுத்தேன், தொடக்கூட இல்ல."

"திமிரைப் பாரு! நாமெல்லாம் அந்தாளுக்கு மனுஷங்களாவே தெரியலை."

"போறப்ப, 'இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் கவுண்டர் திறந்திருக்கும். திங்கட்கிழமை லெட்டரெல்லாம் கிளம்பிடும்'னார். அதையும் சுவத்தைப் பார்த்துத்தான் சொன்னார்."

"பூச்சாண்டி காட்டறார். லெட்டர் வரட்டும், வக்கீலை வெச்சுப் பார்த்துக்கலாம்."

"நாமளே போய்ச் சொல்லிடலாம் கிளின்ட். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ நான். இதை விட்டா இந்த வயசுல எனக்கு வேற யார் வேலை தருவா?"

"நாமளா போய்த் தலையை நீட்டணுமா?"

"இப்படியே இருந்தா நான் தூங்க மாட்டேன். உங்களையும் தூங்க விட மாட்டேன்."

அது நிஜம் என்று கிளின்டுக்குத் தெரியும். "சரி, கம்பெனி சார்பா நீங்களே போய்ச் சொல்லுங்க. மூடற நிலைமை வந்தா பூட்டையும் நீங்களே பூட்டிடுங்க" என்றான்.

நகராட்சி அலுவலகத்தில் கவுண்டர் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள் வெர்லா.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "ஒரே ஒரு கேள்வி மேடம். நீங்க வர்றதுக்கு முன்னாடி, எங்க ஆளுங்க யாராவது இந்த வரி பத்தி உங்ககிட்ட பேசினாங்களா?"

வெர்லா நிமிர்ந்து பார்த்தாள். பெண்ணுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஹாஸ்கெல் குனிந்தபடி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். இல்லையென்று பொய் சொன்னால் அவரே எழுந்து வந்து மானத்தை வாங்குவார்.

"ஒருத்தர் வந்தார்" என்றாள். "தண்ணி கேட்டார். நான் சொல்ல வந்ததைக் காதுலயே வாங்கலை."

"வரி பத்தி?"

"வரிங்கற வார்த்தையே அவர் வாயில வரலை."

"அப்ப தப்பிச்சீங்க. அபராதம் கிடையாது. பாக்கி வரியை மட்டும் தவணையில கட்டிடுங்க. நாங்க கேட்ட பிறகு வந்திருந்தாலோ, எங்க ஆள்கிட்ட நீங்களே வாய் தவறி உளறியிருந்தாலோ, இந்தச் சலுகையே கிடையாது."

வெர்லா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

ஹாஸ்கெல் தலையைத் தூக்காமலே, மதியம் போலவே கையை நீட்டித் தடுத்தார்.

இந்த முறை அவளுக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.