எட்டாம் நாள் தழும்பு

ஊரில் பெரியம்மை பரவியிருந்ததால், டாக்டர் லட்லோ தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மை குத்திக்கொண்ட பெண்ணாகத் தேடினார். ஏழைகள் விடுதியிலிருந்து கெஸியா வந்தாள். வயது பதினாறு. இந்த வேலை கிடைக்காவிட்டால் விடுதிக்கே திரும்பவேண்டும்.

"அம்மை குத்தியிருக்கா?"

"குத்தியிருக்குங்க ஐயா. செத்துப்போன எங்கம்மா பத்திரமா வச்சிருந்த சீட்டு இது."

டாக்டர் சீட்டைப் பார்த்தார். உடனே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சட்டைக் கையைத் தூக்கு."

இரண்டு கையிலும் அம்மை குத்திய தழும்பே இல்லை.

"இவ வேண்டாம்."

"ஏங்க, அதான் சீட்டு இருக்கே?" என்றாள் அவர் மனைவி. "குத்தினவங்க எட்டாம் நாள் கையில தழும்பு விழுந்திருக்கான்னு பாத்துட்டுத்தானே 'நல்லாப் பிடிச்சது'ன்னு எழுதுவாங்க?"

"எவன் பாக்குறான்? பிடிச்சதுன்னு எழுதினாத்தான் குத்தினவனுக்குத் தலைக்கு ஒன்றரை ஷில்லிங் கூலி. பிள்ளையைத் திரும்பக் கொண்டுவராட்டியும் எழுதிடுவாங்க. அதை நம்பி என் குழந்தையைக் குடுக்கச் சொல்றியா?"

அவரிடம் மருந்துக் கணக்கு எழுதும் நான்தான் கெஸியாவை வெளியே கொண்டுபோய் விட்டேன். வாசற்படியில் நின்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சீட்டை நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. கையெழுத்துப் போட்ட புண்ணியவான் யாருன்னு சொல்லுங்க. அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு நாலு வார்த்தை கேக்கணும்."

மாலைப் பள்ளியில் கற்ற என் படிப்பை நான் முழுதாக நம்புவதில்லை. அதனால் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன்.

"கேளு," என்றேன். "அந்த வாசல்லதான் நிக்கிறே."