தீராத வயிற்றுவலி

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் மறுபடி எழுவது சிரமம்.

வலி வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கியிருந்தது.

அதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. முதலில் கால்விரல்களை மடக்க வேண்டும். பிறகு மூச்சைச் சிறு சிறு துண்டுகளாக வெளியே விட வேண்டும். பார்வையை ஏதாவது ஒன்றின்மீது வைத்துவிட வேண்டும். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அம்மா பார்த்துவிடுவாள்.

பார்வையை மேகலாவின் செருப்பின்மீது வைத்தாள்.

பக்கத்து வீட்டு வாசலில் கழற்றிவிட்டபடியே கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது. மேகலாவை நேற்றே பிணவறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

லைன் வீடுகளுக்கெல்லாம் ஒரே முற்றம். நடுவில் நாற்காலி போட்டு சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மேகலாவின் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு ரொம்ப நாளாகவே வயிற்றுவலி. காட்டாத டாக்டர் இல்லை. தாங்க முடியாமல்தான் இப்படிப் பண்ணிக்கொண்டாள். மாதாமாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேகலாவின் கணவன் சுவரோரம் குந்தியிருந்தான். தலையை ஆட்டினான்.

போய்வந்தது உண்மைதான். ஆனால் நோய் மேகலாவுக்கு அல்ல, இங்கே நிற்கிற அவளுக்கு. மேகலா துணைக்கு வந்தவள்.

அவள் உள்ளே கட்டிலில் படுத்திருப்பாள். கையில் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும். மேகலா வெளியே பெஞ்சில் தூங்குவாள். வாயைத் திறந்துகொண்டு, அத்தனை சத்தத்திலும் தூங்குவாள். தொட்டு எழுப்பினால் கை தானாக முகத்துக்குக் குறுக்கே வரும். பிறகு யாரென்று பார்த்துச் சிரிப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

"தீராத வயித்துவலிங்க," என்று மாமியார் மறுபடி சொன்னாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார். பழகிய கை.

அந்த வார்த்தைகளை அவள் நாளிதழில் பார்த்திருக்கிறாள். உள்பக்கத்தில், ஓரத்தில், சின்னச் செய்தியாக. தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலை. ஒவ்வொரு முறையும் கவனமாகப் படிப்பாள். எந்த ஊர். என்ன வயது. இவளுக்கும் குடலில் புண்ணா. எந்த மருந்துக்குக் கேட்காமல் போயிற்று. அந்தப் பெண்களையெல்லாம் தன் கூட்டம் என்று நினைத்திருந்தாள்.

ஏட்டின் கையைப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது.

அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது?

விரல்களை இன்னும் மடக்கினாள். ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே ஏதோ முறுகியது.

மேகலா தன்கூடத் துணைக்குத்தான் வந்தாள் என்று அவள் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். மாமியார் விடவில்லை. வந்த இடத்தில் தனக்கும் காட்டிக்கொண்டாள், உள்ளே படுத்திருந்தவளுக்கு அது எப்படித் தெரியும் என்றாள். இந்தப் பிள்ளைக்கும் அதே நோவுதான், எப்படி இருக்கும் என்று அவளையே கேளுங்கள் என்று மாமியார் கைகாட்டினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, நீ அனுபவிக்கிறவ. நெஞ்சத் தொட்டுச் சொல்லு. இந்த வலிக்கு ஒருத்திக்குச் சாகத் தோணுமா? தோணும்னா எழுதி முடிச்சிரலாம்."

ஏட்டு பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தார்.

தோன்றும்.

போன மழைக்காலத்தில் தோன்றியது. போன வாரம் தோன்றியது. இப்போது, இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதும், ஓரமாக எங்கோ அது இருந்தது.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். ஏட்டு எழுதிவிடுவார். சுவரோரம் குந்தியிருப்பவன் எழுந்து முகம் கழுவிக்கொள்வான்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடங்களில் அம்மா வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது.

அவள் மூச்சைத் துண்டுதுண்டாக விட்டு முடித்தாள்.

"தோணாதுங்க சார்."

குரல் நன்றாகவே வந்தது.

"எனக்கு வருசக்கணக்கா இருக்குது. ஒரு நாளும் தோணுனதில்ல. மேகலாக்காவுக்கு வயித்துவலியே கெடையாது. செவுத்துக்கு அந்தப் பக்கம் அடி விழற சத்தம் எங்களுக்குக் கேக்கும். நேத்தும் கேட்டுச்சு."

ஏட்டு எழுதியதை அடித்தார். குந்தியிருந்தவன் முதல்முறையாகத் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தான். மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். நல்ல நோய்க்காரி, மனசும் அழுகிப்போனவள் என்றாள். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டார்.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை.

முற்றத்தைக் கடந்து கக்கூஸுக்கு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் அவள் சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள்.

பின்னாலேயே அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். எப்போதும் செய்வதுதான். வாளியை உள்ளே வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் முகத்தை விட்டாள். அது தன்னிஷ்டத்துக்குக் கோணியது. உதட்டைக் கடித்துக்கொண்டு கையைத் தாழ்ப்பாளிடம் கொண்டுபோனாள்.

கதவுக்குக் கீழே அம்மாவின் கால்கள் தெரிந்தன. போகவில்லை.

"தாப்பா போடாத, கண்ணு."